என் பெயரில் ஒரு சிம்

10-6-2005, வெள்ளி

அனல் காற்று. துவைத்துப் போட்ட துணி பத்து மணிக்குள் விறைத்துவிட்டது. இரண்டு ஜாக்கெட் தைக்கக் கிடக்கிறது, தொடவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து சவூதி தம்மாமிலிருந்து என்னைக் கட்டிய மச்சான் போன். லேண்ட்லைன் இருப்பது முன் ரூமில், மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில். முதலில் மாமியார் பேசுவார், பிறகு கொழுந்தன், பிறகு என் மகள் பர்வீன், கடைசியில் நான். (இனி மா., கொ. என்றே எழுதுவேன். முழுசாக எழுத மை தண்டம்.) என் முறை வரும்போது அவர் போன் கார்டு முடிகிற நேரம். எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள்.

"நல்லாருக்கீங்களா மச்சான்?"

"நல்லாருக்கேன். நீ?"

"நல்லாருக்கேன்." கட்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். வாரம் முழுக்கக் காத்திருந்து இவ்வளவுதான் பேச்சு.

சொல்ல வேண்டியது இது. அவர் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டக் கம்பெனியில் பேப்பர் கொடுத்திருக்கிறார்கள். மா.வுக்கு அவர் அங்கேயே இருக்க வேண்டும். எனக்கு அவர் வர வேண்டும். இன்று கொ. போனில் சொன்னான்: "மதினியும் இருக்கத்தான் சொல்றாங்க." என் காதால் கேட்டேன். நான் எப்போது சொன்னேன்? யாரிடம் சொன்னேன்? அடுப்பிடமா?

கடிதம் போய்ச் சேர இருபது நாள். அதற்குள் கையெழுத்தாகிவிடும். எஸ்.டி.டி. பூத் கொ.வின் கூட்டாளி கடை.

12-6, ஞாயிறு

மேலத்தெரு ஹனிபா அண்ணன் தம்மாமிலிருந்து லீவில் வந்திருக்கிறார். யார் வந்தாலும் தெருவில் பாதி வீட்டுச் சாமானைச் சுமந்து வர வேண்டும். நம் வீட்டுப் பொட்டலத்தை மா. முன்னால்தான் பிரிப்பது. அது எழுதாத சட்டம்.

தைலம் 6. சோப்பு. பால் பவுடர். பர்வீனுக்குக் கலர் பென்சில். ஒரு செல்போன், கேமரா வைத்தது. டப்பா மேல் மார்க்கரில் "மும்தாஜ்". அவர் கையெழுத்து, கொட்டை எழுத்தில்.

கொ. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொம்பளைக்கு எதுக்கு மதினி கேமரா? நான் வச்சிக்கிறேன். பேசணும்னா கேளுங்க, தரேன்."

மா.: "அவன் வெளிய தெருவ போறவன். ஒனக்கு எதுக்கு?"

தருவானாம்! என் பொருளை எனக்கு! டப்பாவை மட்டும் நீட்டினான், ஊசி நூல் போட்டு வைக்கலாமாம்.  வாங்கிக்கொண்டேன்.

14-6, செவ்வாய்

தீர்மானித்துவிட்டேன். என் தையல் காசில் நானே வாங்குவது. மா.விடம் பல்வலி, பெரம்பலூர் டாக்டர் என்று சொல்லியாகிவிட்டது. பொய்தான், அல்லாஹ் மன்னிப்பான். இந்த வீட்டில் பல்லைக் கடித்துக் கடித்து நிஜமாகவே வலிக்கத்தான் செய்கிறது. துணைக்குப் பக்கத்து வீட்டு ஜமீலா லாத்தா, கூடப் பிறக்காத அக்கா.

பஸ் ஸ்டாண்ட் எதிரில் செல் கடை. கடைக்காரர் எங்கள் தலைக்கு மேலாக வாசலையே பார்த்தார்.

"வூட்டுல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"சவூதிலேருந்து நடந்து வரணும். அதுவரைக்கும் கடைய சாத்தாம இருப்பீங்களா?" லாத்தா.

பிறகுதான் செட்டை எடுத்தார். கலர், பாட்டு, பாம்பு விளையாட்டு. எனக்கு வேண்டியது வேறு: எங்கள் ஊரில் டவர் கிடைக்குமா? ரீசார்ஜ் போடாவிட்டால் இன்கமிங் எத்தனை நாள் இருக்கும்? சவூதிக்கு மிஸ்டு கால் போகுமா? மூன்றையும் வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்திருந்தேன். பொம்பளைக்கு இவ்வளவு விவரமா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

கிளிப் படம் போட்ட கம்பெனிதான் பெஸ்ட் என்றார். இன்கமிங் ஒரு வருடம் ஃப்ரீ. எங்கள் லெப்பைக்குடிக்காட்டில் டவர் உண்டா? "தமிழ்நாடு ஃபுல்லா கெடைக்குமுங்க." நோட்டீஸை வாங்கிப் படித்தேன். கீழே எறும்பு எழுத்தில்: மாதாமாதம் ரீசார்ஜ் போட்டால் மட்டும். டவர் பட்டியலில் எங்கள் ஊரே இல்லை! விரல் வைத்துக் காட்டினேன். "அட, நீங்க படிச்சவங்களா?" இது வேறு.

குடைப் படம் போட்டது: ஊரிலேயே டவர், வெளிநாட்டுக்கும் போகும், மாதம் ஒரு கார்டு. இதுதான்.

அடுத்த தகராறு சிம்முக்கு அத்தாட்சி கேட்ட ரேஷன் கார்டு. குடும்பத் தலைவர் மா. "அவங்க கையெழுத்து வேணுங்களே." அந்தக் கையெழுத்து கிடைத்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? வாக்காளர் அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தேன். "இது செல்லுமான்னு..." என்று இழுத்தார். "தலைவர் கையெழுத்து இல்லாமதான் ஓட்டுப் போட்டேன். அது செல்லுது, இது செல்லாதா?" என்றேன்.  ஃபாரத்தில் என் பெயர் எழுதினார். ஒரு கருப்பு வெள்ளை செட்.

16-6, வியாழன்

சிம்முக்கு உயிர் வந்துவிட்டது. செட்டை இடுப்பில் செருகி, துடைப்பத்தோடு வீடு பூராவும் டவர் தேடினேன்.

அடுப்படி – இல்லை.
என் ரூம் – இல்லை.
கிணற்றடி – ஒரு கோடு, வந்து வந்து போகிறது.
மா. கட்டில் – மூன்று கோடு!!
மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி ஓரம் – நான்கு.

இந்த டவருக்குக்கூட மா. பக்கம்தான் சாய்வு.

மாடியிலிருந்து மச்சானுக்கு மூன்று மிஸ்டு கால் விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்த நம்பர் அவருக்குத் தெரியாதே! வெள்ளி அல்லாத நாளில் ஊர் நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் அங்கே மௌத்துச் செய்தி, யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். பதறிப்போய் லேண்ட்லைனுக்கு அடித்துவிட்டார். நான் இறங்கி வருவதற்குள் மா. எடுத்தாயிற்று.

"எல்லாரும் நல்லாருக்கோம் வாப்பா. எவனோ தப்பு நம்பர், விடு."

ரிசீவரைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். "மச்சான், அது என் நம்பர். நாளைக்கி சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் அதுல கூப்பிடுங்க." வைத்துவிட்டேன்.

மா.: "பல்வலியா அது?"

கொ.: "யார கேட்டு வாங்குனீங்க?"

"யாரையும் கேக்கல." 

17-6, வெள்ளி

மதியம் யாரும் என்னோடு பேசவில்லை. நல்லது.

அஸர் முடிந்ததும் மாடி. பக்கத்து மாடியில் லாத்தா வற்றல் அள்ளிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல மும்தாஜ், காத்து எரைச்சலா இருக்கு."

வாயைக் கையால் மூடி மறுபடி சொன்னேன்.

"ஒன்னும் கேக்கல. சத்தமா சொல்லு."

ரகசியமாய்ப் பேசத்தானே இவ்வளவு பாடும்! கத்தினேன். "கையெழுத்துப் போடாதீங்க! நான் இருக்கச் சொல்லல, பொய்! ஊருக்கு வந்துடுங்க!"

லாத்தா கை நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் நின்றது. மா. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

 அவர்: "பேப்பர் இன்னும் எங்கிட்டதான் இருக்கு. நீயே இருக்கச் சொன்னேன்னுல்ல நெனச்சேன். இத்தன நாளா ஏன் சொல்லல நீ?"

ஏன் சொல்லலயாம்! வாரத்துக்கு ஒரு "நல்லாருக்கேன்" கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பார்! அவர் கார்டு தீரும்வரை சண்டை போட்டேன். நடுவில் அழுதேன், அதுவும் சத்தமாக. தீர்கிற சமயத்தில், "போடல. வரேன்."

கீழே வந்து டீ போட்டேன். "தெருவே கேட்டுச்சு" என்றார் மா.

"கேக்கட்டும்."

டீ வேண்டாமாம். இரண்டு டம்ளரையும் நானே குடித்தேன்.