இரண்டு விரற்கடை உயரம்

மார்ச் 3

என் அக்கா பெற்றெடுத்த அருந்தவச் செல்வமாகிய வாலில்லாக் குரங்குக்கு,

தாய்மாமன் எழுதுவது. இப்போது நான் சொல்லப்போவதை எவனும் நம்பமாட்டான். நீயும் நம்பமாட்டாய். இருந்தாலும் என் சவரக் கத்தியின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: என் கழுத்து கல்லாகிவிட்டது.

வேலைக்கென்று கிளம்பும்போது உன் பந்தய சைக்கிளை என்னிடம் கொடுத்து, "துருப்பிடிக்க விடாதீங்க மாமா, டிசம்பர்ல வந்ததும் ரெண்டு பேரும் மலைப்பாதையில ஏறுவோம்" என்றாயா? விட்டேனா நான்? விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். நேற்று ரயிலை முந்தினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஐயா, பிள்ளைகுட்டிக்காரன், மானத்தைக் காப்பாத்துங்க" என்று கும்பிட்டார்.

ஆனால் அந்தச் சைக்கிளில் நெஞ்சு தரையைப் பார்க்க, முகம் வானத்தைப் பார்க்க, ஆமை மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டல்லவா போகவேண்டியிருக்கிறது! விளைவு, கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது. உலகத்தின் இடது பாதியில் நடப்பதெல்லாம் எனக்குச் செவிவழிச் செய்திதான். கடைக்கு முடி வெட்ட வருகிறவர்களை நாற்காலியோடு சுழற்றிச் சுழற்றி வெட்டுகிறேன். ஒருவர் இறங்கி எதிர்த்திசையில் வீட்டுக்குப் போய்விட்டார்.

போனில் சொல்லலாமென்றால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். வைத்தியம் எழுது.

இப்படிக்கு,
இருசக்கர சாம்ராஜ்யத்தின் ஏக சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 19

அன்பு மாமாவுக்கு,

ஆபீஸ்ல ஒளிச்சு வச்சுப் படிச்சு சிரிச்சேன். பக்கத்து சீட்டு அக்கா "யாருடி அவன்?"னு கேட்டாங்க. எங்க மாமான்னா நம்பல.

போன மாசம் உங்க மீசையில குருவி கூடு கட்டுச்சு. இந்த மாசம் கழுத்து கல்லாயிடுச்சா? சரி, சரி. எனக்கும் ஆரம்பத்துல வலிச்சதுதான். தோளைக் காதுவரைக்கும் தூக்கி வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க. முழங்கை விறைப்பா இருக்கக் கூடாது, லேசா மடங்கணும். ரெண்டு விரக்கடை ஏத்தி வச்சு இறுக்கிடுங்க. அப்பவும் வலிச்சா இன்னும் ரெண்டு விரக்கடை. அவ்ளோதான் வைத்தியம்.

டிசம்பருக்கு லீவு சொல்லியாச்சு. கழுத்துவலின்னு டபாய்ச்சீங்க, அம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்.

உங்க குரங்கு

ஏப்ரல் 8

வைத்திய சிகாமணிக்கு,

ஏற்றினேன். இரண்டு விரற்கடை. கழுத்தில் குடியிருந்த வலி தோளுக்கும் ஒரு அறை கட்டிக்கொண்டது. சரி, மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று நீ சொன்ன மாதிரியே இன்னும் இரண்டு. இப்போது சீட்டில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத நாடில்லை. பக்கத்து நாட்டு ராஜாவின் மொட்டை மாடியில் என்ன துணி காய்கிறது என்பதுகூடத் தெரிகிறது. கைப்பிடியை எட்டுவதுதான் கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுப்பதுபோல் இருக்கிறது. உன் வைத்தியமாயிற்றே, குறை சொல்வேனா?

ஒரு வேடிக்கை. என் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் என்னைக் கேட்காமலே தூங்கப் போய்விடுகின்றன. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் போவது மோதிர விரல்தானே? உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நேற்று எதிர்வீட்டு வக்கீலுக்கு அரை மீசைதான் மிஞ்சியது. "இது புது மோஸ்தர், பாதிக் கட்டணம் போதும்" என்று அனுப்பிவைத்தேன்.

மலையை முதுகில் சுமந்தபடி மலையேறக் காத்திருக்கும்,
மாமா

ஏப்ரல் 24

மாமா,

எதை ஏத்துனீங்க? சீட்டையா?

நான் சொன்னது ஹேண்டில்பாரை மாமா! சீட்டை ஏத்தினா இன்னும் குனியணும், கழுத்து இன்னும் மேல வளையணும், பாரமெல்லாம் கையில இறங்கும். ஹேண்டில்பார்னு நான் எழுதவே இல்லையா? மனசுக்குள்ள ஹேண்டில்பார்தான் இருந்துச்சு. கைக்கு வராமப் போச்சு. வலிச்சா இன்னும் ரெண்டுன்னு வேற எழுதியிருக்கேன் பாருங்க.

இனிமே அதுல ஏறாதீங்க. விரல் மரத்துப் போறது நிஜமா, இல்ல ரயிலை முந்தின மாதிரியா? உங்க கடிதத்துல எதுக்குச் சிரிக்கணும், எதுக்கு அழணும்னு எனக்குத் தெரியல. டாக்டர்கிட்ட போனீங்களா? இங்கேர்ந்து உங்க தோள்ல ஒரு கை வச்சுப் பிடிச்சு விடக்கூட முடியல என்னால.

உடனே எழுதுங்க.

மே 15

மாமா,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறீங்க. அம்மாகிட்ட கேட்டேன். கடை சாத்தியிருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிட்டாங்க. அம்மா வேற பேச்சுக்குப் போற ஆளா?

பெரிய கதை வேண்டாம். ஒரே ஒரு வரி, பொய் கலக்காம.

மே 28

என் தங்கக் குரங்குக்கு,

முதலில் ஒன்று. சீட்டை ஏற்றியது என் கை. நீ "ஏத்துங்க" என்று எழுதினாய். எதை என்று கேட்க எனக்கு வாய் இருந்தது, கேட்கவில்லை. அதை நினைத்து நீ அழுதுகொண்டிருந்தால் உன் மண்டையில் குட்டுவேன், இடது கையால்.

டாக்டரிடம் போனேன். என் கழுத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியே எழுந்து நின்றது. கழுத்தெலும்பு இரண்டு நெருங்கி உட்கார்ந்து ஒரு நரம்பை நசுக்குகின்றனவாம். நீ சைக்கிளைக் கொடுப்பதற்கு முன்பே தேய்ந்துதான் இருந்ததாம். சைக்கிள் கூடாது, கத்தரிக்கோல் இப்போதைக்குக் கூடாது. "விரல் சரியாயிடுமா?" என்றேன். "பார்ப்போம்" என்றார். நானும் அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பேனா பிடிக்க மற்ற மூன்று விரல் போதும் என்பதால்தான் உனக்கு இந்தத் தொல்லை. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், பொய் கலக்காமல் எழுத வரவில்லை.

அதனால் கேள். நேற்று மலைப்பாதையில் ஏறிவிட்டேன். உனக்காகக் காத்திருக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரை ஏற்றி, ஒரே மிதி. மேகங்கள் ஒதுங்கி வழிவிட்டன. உச்சியில் கழுகுகள் வரிசையாக நின்று சலாம் வைத்தன. நான் கழுத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பி அத்தனை பேருக்கும் பதில் வணக்கம் சொன்னேன். இறங்கி வரும்போது கையை விட்டுவிட்டு ஓட்டினேன்.

இதில் ஒரு துளி நிஜம். சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரை ஏற்றினேன். கடைக்குள்ளேயே, சுவர்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். தலையைத் தூக்க முடியவில்லை. முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது.

மாமா