சாயவேர் வரும் வரை

18-10-1943
போர்வை பின்னி முடித்தேன். விரல் மடங்க மாட்டேன் என்கிறது. கான்வென்ட் பள்ளியில் கற்ற பின்னல் இத்தனை வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைக்கு உதவுகிறது. மகள் மீனம்மாளுக்கு இது தலைப்பிரசவம், இங்கே பார்க்க வேண்டியது. ரயில் ஏறவே கூடாது என்று குன்னூர் டாக்டரம்மா சொல்லிவிட்டாள். நான் போகலாமென்றால் இவரை யார் தூக்கி உட்கார வைப்பது? வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து ஒன்றரை வருஷமாகிறது.

அந்த மலையில் கம்பளி என்று பேருக்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லையாம். எல்லாம் பட்டாளத்துக்கே போகிறது என்று மாப்பிள்ளை ரெங்கராஜ் எழுதியிருந்தார். இங்கே ஒரு கடையில் யுத்தத்துக்கு முந்தின சரக்கு, கம்பளி நூல், அதுவும் வெள்ளை மட்டும்தான் அகப்பட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வெறும் வெள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? சாயம் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். சாயப்பொடியும் எங்கும் இல்லை.

22-10
சேலைகளுக்குச் சாயம் போடும் மூக்காயியை வரச் சொன்னேன். "மஞ்சள்ல போட்ருவோம்மா. நல்ல காரியத்துக்கு வேறென்ன வேணும்?" என்றாள். முதலில், மிச்ச நூலில் பின்னின குல்லாவையும் காலுறையையும் போட்டுப் பார்ப்போம். போர்வை பெட்டியில் இருக்கட்டும்.

23-10
தகதகவென்று மஞ்சள். எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

24-10
பாழாய்ப் போயிற்று. சாயம் நிற்கட்டும் என்று மூக்காயி, துணி வெளுக்கிற உவர்மண் தண்ணீரில் கொதிக்க வைத்து, கல்லில் நாலு சாத்து சாத்தினாள். பருத்திச் சேலைக்கு அப்படித்தான் செய்வார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். இது ஆட்டு மயிராச்சே என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. குல்லா சுருங்கித் தடித்து எலுமிச்சம்பழத்துக்குக்கூடப் பத்தாது.

அது போகட்டும். மஞ்சள் அத்தனையும் சிவந்துவிட்டது. திட்டுத் திட்டாக, ரத்தம் மாதிரி. மூக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இதைப் பிள்ளைக்கு அனுப்பிராதீங்கம்மா." அனுப்புவேனா? அடுப்பில் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

2-11
மஞ்சள் பேச்சே வேண்டாம். சாயவேர்தான் சரி. அது கூரைப்புடவைச் சிவப்பு, யாரும் குறை சொல்ல முடியாது. கடலோர மணலில்தான் விளையுமாம். கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் ராக்கனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை படிகாரம் மட்டும்தான், உவர்மண் பக்கமே போவதில்லை.

11-11
மழை. பஸ் ஓடவில்லை. ராக்கனைக் காணோம்.

15-11
மீனா கடிதம். "நடுக்கம் தாங்க முடியலை ஆத்தா. பிள்ளையை எப்படி வச்சுக்கப் போறேனோன்னு பயமா இருக்கு. போர்வை வெள்ளையா இருந்தாலும் பரவாயில்லை, ஒடனே அனுப்பு."

இவருக்குப் படித்துக் காட்டினேன். வாய் ஒரு பக்கம் இழுக்க இழுக்கச் சொன்னார்: "அனுப்பு சொர்ணம். குளிருக்கு நெறம் தெரியுமா?" வாத்தியார் வேலை பார்த்தவர், அவருக்கு எல்லாம் லேசு. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பழி யாருக்கு? அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்தவள் நான்.

இன்னும் நாலு நாள். வேர் வந்துவிடும். இதோ அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன்.

24-11
வேர் வந்தது! இடித்து ஊற வைத்தாயிற்று.

27-11
தந்தி. நேற்று ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். இவர் அழுதார், நானும்தான். தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தேன்.

29-11
போர்வை சிவந்தது. என்ன நிறம்! ஆனால் காய மாட்டேன் என்கிறது, வெயில் தலைகாட்டினால்தானே. ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிக்கும்.

4-12
காய்ந்துவிட்டது. பார்சலைத் தைத்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். மறுபடி தந்தி.

பிள்ளை நேற்றுப் போய்விட்டது.

5-12
எழுத ஓடவில்லை.

9-12
மாப்பிள்ளை கடிதம். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாம். தம்முடைய பழைய கோட்டுக்குள் சுற்றி வைத்திருந்தாராம். ஏழு நாள்.

ஐயோ, பெட்டிக்குள்ளதானே இருந்துச்சு. ஒரு மாசத்துக்கு மேல சும்மா இருந்துச்சே! அவ கேட்டாளே, வெள்ளையாவே குடுன்னு கேட்டாளே. என்ன காரியம் செஞ்சுட்டேன் நான்.

20-2-1944
மாப்பிள்ளை மீனாவைக் கொண்டுவந்து விட்டுப் போனார். பாதியாகிவிட்டாள். அவள் வருமுன்னே போர்வையை நெல் குதிருக்குள் அமுக்கிவிட்டேன். அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "போர்வை அனுப்புறேன்னு எழுதுனியே ஆத்தா, ஏன் வரவே இல்ல?"

கோபமில்லை. சும்மாதான் கேட்டாள்.

"தபால்ல போட்டேனே, வரலியா? சண்டைக் காலம், எவன் எடுத்தானோ" என்றேன். யோசிக்கவேயில்லை, நாக்கு தானாகச் சொல்லிற்று. இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் திரும்புவது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

23-2
தபால்காரர் ஆத்மநாதன் கடிதம் கொடுக்க வந்தவர் மீனாவைப் பார்த்து, "எப்ப வந்தீங்க தாயி?" என்றார். அவள் அவர் மேல் பாய்ந்துவிட்டாள். "என் பிள்ளை போர்வையை ஒங்க ஆபீசுல யாரு திருடுனது? அது இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பான்!"

தெருவே கூடிவிட்டது. "நான் பார்சல் எதையும் பாக்கலைங்க, என் புள்ளைக மேல சத்தியம்" என்று அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். நரைத்த தலை. தமக்காக நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று என்னையே பார்த்தார்.

நான் மீனாவின் தோளைப் பிடித்து, "விடும்மா, போனது போச்சு" என்று உள்ளே கூட்டி வந்துவிட்டேன்.