கழற்றி வைத்த வயர்

22.04.2016 வெள்ளி

கட்டாரில் இருந்து வந்து ஐந்து நாள். அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் ஒரு டிவிடி கிடந்தது. மேலே மார்க்கரால் அம்மாவின் பெயர். செத்தவீட்டு வீடியோ. நான் வராத செத்தவீடு. பங்குனி பன்னிரண்டு மோசம் போனா, வெயிலுக்கு வைத்திருக்க ஏலாமல் அடுத்த நாளே அடக்கியாச்சு என்று போனில் சொன்னார்கள். அம்மாவின் முகத்தை ஒருக்கால் பார்த்தால் போதும் எனக்கு.

"அது போடேலாது தம்பி. கம்பியூட்டரில சிடி போடுற சாமான் பழுது. அனோஜன் பாத்திட்டான்," என்றா என் மூத்த அக்கா ஜோசப்பின்.

பழுதென்றால் திருத்துவோம். டோகாவில் நாலு வருடம் கம்பியூட்டர் திருத்தித்தானே கிழித்தேன்.

23.04 சனி

தட்டு ஒழுங்காக வருகிறது, போகிறது. பச்சை லைட் மினுங்குகிறது. ஆனால் கம்பியூட்டரின் பட்டியலில் ட்ரைவே இல்லை. வவுனியாவில் படிக்கும் தம்பி அனோஜனுக்குப் போன் எடுத்தேன்.

"லென்ஸ் போயிட்டுது அண்ணா. வீணா மினக்கெடாதேங்கோ."

லென்ஸ் போனால் டிஸ்கைத்தான் வாசிக்காது. ட்ரைவின் பெயர் பட்டியலில் வரும். கம்பியூட்டர் படிக்கிறவனுக்கு இது தெரியாதா?

24.04 ஞாயிறு

அக்கா பூசைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தேன். கரண்ட் வயர் இருக்கு. டேட்டா வயரைக் கழற்றி, மடித்து, ஓரமாகப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டியிருக்கு. கிளிப் வைத்த வயர் அது. ஆட்டினாலும் விழாது, நெரித்துத்தான் இழுக்க வேணும். அந்தக் கட்டு நான் வீடியோக் கோலில் அனோஜனுக்குக் காட்டிக் கொடுத்த கட்டு.

ஏன்டா?

வயரைத் திரும்பக் கொழுவினேன். டிவிடி ஓடியது.

அம்மா. நல்லா மெலிஞ்சு போனா. முழுக்க அழுதுகொண்டுதான் பார்த்தேன். இரண்டாம் முறை போட்டபோதுதான் கோயிலில் சவப்பெட்டிக்குப் பின்னால் இருந்ததைக் கண்டேன். வைக்கோல் கொட்டில், குழந்தை இயேசு, கடதாசி நட்சத்திரம். கிறிஸ்மஸுக்கு வைக்கிற பாலன் குடில்!

பங்குனி பன்னிரண்டு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். தவக்காலத்தில் ஆர் குடில் வைக்கிறது?

நத்தாரோடயே அம்மா போயிட்டா. கல்லறைச் சிலுவையில் ஏன் திகதி எழுதவில்லை என்று இப்பதான் விளங்குது. ஊரே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கு.

தையில் இருந்து ஒவ்வொரு வெள்ளியும் போன் எடுத்தனான். "அம்மாட்டக் குடுங்கோ அக்கா." அம்மா நித்திரை. அம்மா கோயிலுக்குப் போட்டா. அம்மாவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு, கதைக்கேலாது. ஊருக்கு வந்த ஒருத்தரிட்ட இருமல் மருந்து குடுத்துவிட்டன். செத்த மனுசிக்கு இருமல் மருந்து! அதையும் வாங்கி வைச்சிருக்கினம்.

25.04 திங்கள்

கேட்டேன். அக்கா மறைக்கவில்லை.

"மார்கழி இருபத்தொன்பது. நத்தார் முடிஞ்சு நாலாம் நாள். சொன்னா நீ ஓடி வந்திருப்பாய். வேலையும் போய், வீடும் கூரையில்லாமல் நிண்டிருக்கும். அம்மாதான் சொன்னவா, அவனுக்குச் சொல்லாதேங்கோ எண்டு."

அம்மா சொன்னாவாம். இதையாவது நம்பலாமா? கேட்க அம்மா இல்லை.

அனோஜன் போனில் எழுதி அனுப்பியிருக்கிறான்: "மன்னியுங்கோ அண்ணா. அக்கா சொன்னதைத்தான் செய்தனான்."

29.04 வெள்ளி

படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிவான ஓடுதான்.

20.05 வெள்ளி

மத்தியானம் அக்கா நாயாற்றில் பிடித்த இறால் பொரித்தா. "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றா. போடுங்கோ என்றேன். இனி இங்கேயே ஒரு கடை போடன் தம்பி என்றா. பாப்பம் என்றேன்.

டோகா விசா கைக்கு வந்து மூன்று நாள். செவ்வாய் பயணம். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம்.