இளவரசன் வேடம் கட்டிய ரங்கசாமிக்கு

கோபத்தோடே பிறந்து சிரித்துக்கொண்டே போன என் பங்காளி ரங்கசாமிக்கு,

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் வசந்திதான் எழுதுகிறாள்.

வேலம்பாளையம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் நாம் போட்ட நாடகத்தை இந்த வருஷம் மறுபடி போடுகிறார்கள். நடிப்பவர்கள் எல்லாம் பனியன் கம்பெனி ஆட்கள். பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. வசனம் முழுக்க என் தலைக்குள்தான் இருக்கிறது, உன்னுடையதும் சேர்த்து.

நீ இளவரசன், நான் உன் தோழன். பொய் ஓலையை நம்பி நீ வாளோடு குதிரை ஏறுவாய். அது பொய்யென்று எனக்குத் தெரியும். 'கோபம் தணியட்டும், அப்புறம் சொல்லலாம்' என்று நிற்பேன். நான் உன்னைத் தேடிக் கோட்டைக்கு வரும்போது நீ செத்துக் கிடப்பாய். ஊரே உன் அவசரத்தைத் திட்டி, என் நிதானத்தை மெச்சியது. ஆளுக்கேற்ற வேடம் என்றார்கள்.

இப்போது தோழனாக நடிப்பவன், தைத்த பனியனில் பழுது பார்க்கிற செக்கிங் மணி. ஒத்திகையில் கேட்டான்: "ஏனுங்கய்யா, தெரிஞ்சும் ஏனுங்க வாயத் தொறக்காம நிக்கறான்? நல்லவனுங்களா, பயந்தாங்கொள்ளிங்களா?"

ரங்கா, இந்தக் கேள்வியை நீ ஏன் என்னிடம் கேட்டதே இல்லை?

நான் கட்டிங் மாஸ்டர், நீ டெய்லர். பனியன் துணியை ரோலிலிருந்து பிரித்து, ஒரு நாள் விரித்துப் போட்டு, இழுப்பு அடங்கிய பிறகே வெட்ட வேண்டும். எல்லோரையும் பொறுக்கச் சொல்லும் நானே ஒரு நாள் அவசரத்தில் முன்னாலேயே வெட்டிவிட்டேன். தைத்ததெல்லாம் நீளம் குறைந்தது. நீ அடியை அதிகம் மடித்துவிட்டாய் என்று மேனேஜர் கத்தினார். நீ கத்தரியை வீசிவிட்டு வெளியே போனாய். நான் கழுத்தில் டேப்போடு நின்றேன். உன் கோபம் தணியட்டும் என்று நினைத்தேன். நீ அருள்புரத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தாய். நீ கண்ணை மூடும்வரை நான் சொல்லவே இல்லை.

மணி கேட்ட அன்று சொல்லிவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும். டீ ஊற்றிக்கொண்டிருந்த வசந்தி தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பெரீப்பா, அது அப்பாவுக்கு அன்னைக்கே தெரியுமுங்க. துணியத் தொட்டாத் தெரியாதுங்களா? 'அவனா சொல்லட்டும், நீ கேட்டு வெக்காதே'ன்னு எங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு."

அடப்பாவி! கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன் நீ. உனக்கா இத்தனை பொறுமை? நீ உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் கத்தரியை வீசிவிட்டுப் போனாயா? எழுதிக்கொண்டே வசந்தி இன்னும் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்புதான் வருகிறது. மனசு லேசாகிவிட்டது.

தோழன் நிற்கிற இடத்தில் மணியைத் தலைகுனிந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே கைதட்டு விழாது. விழ வேண்டாம்.

நோம்பியன்று நாடகம் முடிந்ததும் நானே மேடை ஏறி, துணியை வெட்டியது நான், பழி சுமந்தது நீ என்று மைக்கில் சொல்வேன். இந்தத் தடவை யாரும் கேட்கும்வரை நிற்க மாட்டேன்.

நிதானக்காரன் என்று பேர் மட்டும் வாங்கிய
உன் பங்காளி
பொன்னுச்சாமி