புரியவில்லை என்று உன்னிடம் சொன்னது

உன் மகள் நேற்றுக் கொண்டுவந்து கொடுத்த நோட்டு மேசைமேல் கிடக்கிறது. நம் ஊர்க் காற்றில் தாள்கள் ஊறித் தடித்து, மூடினாலும் வாயைப் பிளந்துகொள்கிறது. "பெரிம்மா, இதுல ஊர்ல பாதிப் பேரு இருக்காங்க. எங்க வீட்ல யார் கண்ணுலயாவது பட்டா வம்பு. நீங்களே வச்சிக்குங்க" என்றவள் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

வம்பு நோட்டுதான். நாற்பது வயதுக்கு மேல் நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, கோட்டக்குப்பம் பக்கம் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போனோமே, அப்போது நீ வாங்கியது. நம் உப்பளத்துக்கு உப்பு வாங்க வருகிற கம்பெனிக்காரர்கள் நம் எதிரிலேயே தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தால் தெரியும், சேர்த்துக் கேட்டால் ஒன்றும் விளங்காது. அந்த மரபுத்தொடர்களைப் பிடிக்காமல் இவர்களோடு வியாபாரம் செய்ய முடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பியவள் நீ. சார் பலகையில் எழுதிப்போட்ட அர்த்தங்களை நான் வரி பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தபோது என் பேனாவைப் பிடித்து நிறுத்தினாய்.

"அர்த்தத்த எழுதினா மறந்துடும்டி. ஆள எழுது."

'ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்', காலம் நன்றாக இருக்கும்போது மட்டும் கூட இருப்பவன்: லாரி புரோக்கர். 'வெட் பிளாங்கெட்', நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கிற இடத்தில் வந்து எல்லார் முகத்தையும் வாடவைப்பவர்: உன் மூத்த நாத்தனார். 'பாஸ் த பக்', தன் பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது: சங்கத்துச் செயலாளர். அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா பக்கு சார்" என்பாய். ஏதோ மரியாதை என்று நினைத்து அவரும் கும்பிடுவார்.

நேற்று அதில் என் பெயரைத் தேடினேன். இருந்தது. 'கோல்ட் ஃபீட்', துணிந்து செய்ய வேண்டிய நேரத்தில் பயந்து பின்வாங்குவது. எதிரே என் பெயர், இனிஷியலோடு.

எந்த நாளை வைத்து எழுதினாய் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கே மேகம் கட்டியிருந்தது. நம் உப்பு முழுவதும் குவியல் குவியலாக வெளியே கிடந்தது. தோல் பதப்படுத்த நம்மிடம் உப்பு வாங்கும் கம்பெனியின் மேனேஜர் நம் கொட்டகையில் உட்கார்ந்து, கூட வந்தவனிடம் 'ஓவர் எ பேரல்' என்று சிரித்தார். நமக்கு வேறு வழியில்லை, அவர் பிடியில் இருக்கிறோம் என்று அர்த்தம். மேசைக்கடியில் நீ என் காலை மிதித்தாய். பேசப்போவது நான் என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தோம். அவர் சொன்ன அடிமாட்டு விலைக்கு நான் "சரிங்க சார்" என்றேன்.

அவர்கள் போனதும், "அவன் சொன்னது புரியலையாடி உனக்கு?" என்று கேட்டாய்.

"புரியல."

என் முகத்தையே பார்த்தாய். "ம்" என்றாய். அதன் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது கேட்டுக்கொள். புரிந்தது, நன்றாகவே புரிந்தது. அந்த விலைக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. மூன்றாம் நாள் அடித்த மழையில், கொடுக்காமல் பிடித்து வைத்தவர்களின் உப்பு கரைந்து வாய்க்காலில் ஓடியதை நீயும்தான் பார்த்தாய். கூடையில் உப்பு சுமந்து இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். மேகத்தைப் பார்த்து விலை சொல்வதற்குப் பெயர் பயம் அல்ல. செத்துப்போனதால் நீ எழுதியதெல்லாம் சரியாகிவிடாது.

ஆனால் உன்னிடம் புரியவில்லை என்றது பயம்தான். அவன் பேச்சு புரிந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை அதே மேனேஜர் வந்தார். தலை நரைத்துவிட்டது. கூட ஒரு புதுப் பெண் அதிகாரி. நான் விலையைச் சொன்னதும் அந்தப் பெண்ணிடம் 'ஷி வில் கம் அரவுண்ட்' என்றார். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்துவிடுவாளாம்.

"வரமாட்டேன் சார்" என்றேன். "அன்னிக்கு 'ஓவர் எ பேரல்'னு சொன்னீங்களே, அதுவும் புரிஞ்சுது."

அந்தப் பெண் குனிந்து போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

"நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கம்மா."

"சரியாத்தான் எடுத்துக்கிட்டேன். என்னப் பத்திப் பேசணும்னா என்னப் பாத்துப் பேசுங்க."

எழுந்து போய்விட்டார். குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஓடிவந்தாள்.

"என்னாக்கா, சாரு கோவமா போறாரு? வெலை ஜாஸ்தி சொல்லிட்டியா?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு சொன்னேன்."

"அதுக்கா கோவம்?"

"அதுக்குத்தான்."

லாரி வருமா, வராதா, தெரியாது. இதை எழுதும்போது கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. வேறு ஆளைப் பார்த்து விற்றுக்கொள்ள எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்ன அந்த 'புரியல'வைத்தான் திரும்ப வாங்க முடியாது. அது என்னோடு கிடக்கும், கிடக்கட்டும். இனி எவன் எதிரிலும் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. உப்பு மொத்தமும் நனைந்தாலும் சரி.