பச்சைப் புள்ளி பிஸ்கட்

மார்ச் 28, வெள்ளி

இல்லை, அம்மாவை நான் திட்டவில்லை. கத்தினேன். அது வேறு.

அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. காலில் புண் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். "என்னம்மா சாப்பிடுறீங்க?"

"தவக்காலம் டாக்டர். ஒருசந்தி இருக்கேன். மத்தியானம் மட்டுந்தான் சோறு."

எவ்வளவு பெருமை.

வீட்டில் அலமாரியைத் திறந்தேன். கோதுமை பிஸ்கட். காலையும் இரவும் சோற்றுக்குப் பதில் அதுதானாம்.

"பச்சைப் புள்ளி போட்டுருக்குல்லடி. கறி மீன் சேக்காத சுத்தபோசனத்துக்கும் ஆகும், சுகருக்கும் ஆகும்."

பச்சைப் புள்ளி என்றால் அசைவம் இல்லை. அவ்வளவுதான். எத்தனை முறை சொல்வது?

"அப்ப நல்லதுன்னுதானே பச்சை போடுறாக?"

மார்ச் 29

மெய்யநாதன் அண்ணன் கடையில் சண்டை.

"சுகர்க்காரவுக பூராம் இதத்தான் வாங்கிட்டுப் போறாக. பச்சை இருக்குல்ல?"

"கறி இல்லன்னு அர்த்தம்ண்ணே அது."

"பிஸ்கட்டுல எவன் கறி போடுவான்? நல்லா சொன்னீக போங்க." கடையே சிரித்தது.

மார்ச் 30

அவர் கேட்டது நியாயம். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 1

பாக்கெட்டை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் கோதுமைக் கதிர், சிவப்பு இதயம், கட்டை விரல் அளவு எழுத்தில் 'நார்ச்சத்து நிறைந்தது'. சர்க்கரை எவ்வளவு? பின்னால், ஒட்டிய மடிப்புக்குள், எறும்பு மாதிரி.

அம்மா யூஜினியா டீச்சர். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தவள்! எழுதியிருந்ததை வாசித்தாள். நம்பினாள். இதில் அவள் தப்பு எங்கே?

அப்படியென்றால் அவளிடம் ஏன் கத்தினேன்?

ஏப்ரல் 2

அன்பியக் கூட்டம், பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டில். ஜெபம் முடிந்ததும் பக்கத்துத் தெரு பெல்சி அக்கா: "டீச்சர் சொன்ன பிஸ்கட்தான் எங்க மாமியாருக்கும் குடுக்குறேன்."

மறுபடியும் கத்தினேன். எல்லார் முன்னாலும். "அவுகளுக்கே தெரியாது, கேட்டுக்கிட்டு வந்துட்டீகளா?"

அம்மா பாயைச் சுருட்டி வைத்தாள்.

ஏப்ரல் 3

அம்மா என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 5

மெய்யநாதன் கடை. அம்மா வேறொரு பாக்கெட்டை எடுத்தாள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை.' கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. என்னிடம் நீட்டினாள்.

"நீயே பாத்துச் சொல்லு வின்சி. எனக்கு வாசிக்கத் தெரியல."

டீச்சர் சொல்கிற பேச்சா இது? நான்தான் சொல்ல வைத்தேன்.

திருப்பினேன். மால்ட்டோடெக்ஸ்ட்ரின். அது சர்க்கரையா, இல்லையா? 'ஒரு பரிமாறலுக்கு' என்று ஒரு எண். பரிமாறல் என்றால் எத்தனை பிஸ்கட்? எங்கேயும் இல்லை. மறுபடி வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் புரியாத புத்தகங்களை இப்படித்தான் வாசித்தேன் — புரிந்த முகத்தோடு.

அம்மா காத்திருந்தாள்.

"தெரியலம்மா."

"நெசமாவா?"

"நெசமா."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் மெய்யநாதன் அண்ணனின் விளக்கடியில் நின்று வாசித்தோம். "வாங்குறீகளா, பரீட்சைக்குப் படிக்கிறீகளா?" என்றார்.

பாக்கெட்டைத் திரும்ப வைத்தேன். கொண்டைக்கடலை அரைக் கிலோ வாங்கினோம். வரும் வழியில் பெல்சி அக்கா வீட்டுக்குள் அம்மா தானாகவே நுழைந்தாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே அவள் குரல், வகுப்பில் கேட்கிற மாதிரி, சத்தமாக: "பச்சைப் புள்ளின்னா கறி இல்லன்னு மட்டுந்தான் அர்த்தம்."

வீட்டுக்கு வந்து கடலையை ஊறப்போட்டேன்.