வெள்ளத்தைக் குடித்த மரங்கள்

அப்பா,

இன்று காலை மரம் வெட்டுகிறவர் வந்து, வேலியோரத்து யூக்கலிப்டஸ் ஒன்றைக் கத்தியால் கொத்திப் பார்த்தார். சளி, தடிமன் வந்தால் நீங்கள் என் நெஞ்சில் தேய்த்துவிடும் தைலத்தின் மணம் முற்றம்வரை வந்துவிட்டது. "நாளைக்கு வாங்கோ" என்று அவரை அனுப்பிவிட்டேன். இப்போது இரவில் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தக் காணியை எனக்குச் சீதனமாக எழுதியபோது மாப்பிள்ளை வீட்டார் சிரித்தது நினைவிருக்கிறதா? மாரி வந்தால் முழங்கால்வரை வெள்ளம் நிற்கும் பள்ளக்காணி, பின்னால் தண்ணீர் தேங்கி, கொக்குகள் மேயும் தரவைப் புல்வெளி. "உதிலை வீடு கட்டினா பொம்பிளை வள்ளத்திலைதான் குசினிக்குப் போகோணும்" என்றார் மாமா, மாப்பிள்ளையின் அப்பா. நீங்களும் கூடச் சிரித்தீர்கள். ஆனால் அன்று நீங்கள் சாப்பிடவில்லை. அடுத்த கிழமையே வன்னிக்குப் போன லொறியில் இந்தக் கன்றுகளை ஏற்றிவந்து தரவையோரம் நட்டீர்கள்.

"உது தண்ணியைக் குடிச்சுத் தள்ளும் பிள்ளை. உன்ரை காலிலை சேறு படாது."

குடித்தது. சில வருடங்களில் நிலம் காய்ந்து, வீடும் எழும்பியது. சந்தோஷப் புளுகம் தாங்காமல் மாரியிலேயே மாமாவைக் கூட்டிவந்து முற்றத்தில் நடக்கவிட்டீர்களே!

ஆனால் மரம் வேலி பார்த்தா குடிக்கும்? தரவை இப்போது தைப்பொங்கலோடு காய்ந்து வெடித்துவிடுகிறது, கொக்குகளைக் காணோம். ஆறில்லாத எங்கள் ஊரில் மழைதான் கிணறுகளுக்கு ஒரே வரவு. நல்ல தண்ணீர் குறைந்தால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வந்துவிடும். முதலில் உவர்த்தது பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவின் கிணறு. நீங்கள் இருக்கும்வரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் கிணற்றில் வந்து அள்ளிக்கொண்டு போவார். இந்த வருடம் எங்கள் தேத்தண்ணியும் கரித்தது. அதைச் சொல்லப் போனபோதுதான் அவர் வாய் திறந்தார்.

"கொப்பர் உன்ரை காலைத்தான் நினைச்சவர். என்ரை கிணத்தை நினைக்கேல்லை."

உங்களைச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க அந்தக் கோபம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டது. நடுவதற்கு முன் அவரை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அப்பா?

வெட்டினால் வெள்ளம் படியேறும் என்கிறார் இவர், உங்கள் மருமகன். வெட்டினாலும் கிணறு பழையபடி ஆகுமா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அடிக்கட்டை வேறு துளிர்த்துக்கொண்டே இருக்குமாம். யோசித்து மாளாமல் பின்னேரம் பரமேஸ் அக்காவிடம் போய், நாளை வெட்டுவிக்கிறேன் என்றேன்.

"உன்ரை வீட்டுக்குள்ளை வெள்ளம் வருமெல்லே?"

"ஓம் அக்கா, வரட்டும்."

வாய் சொல்லிவிட்டது; மனம் இன்னும் ஒப்பவில்லை. உங்கள் சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை. நீங்கள் இருந்தால் ஏசுவீர்கள், நானும் பதிலுக்கு ஏசுவேன், அதோடு மனம் ஆறியிருக்கும். இப்போது ஏசவும் ஆளில்லை.

என் மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம். அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று உங்களைப் போலவே பதைக்கிறேன். அவளுக்கென்று காணியின் வேலியோர மூலையில் ஒரு புதுக் கிணறு வெட்டலாம் என்று சற்றுமுன் இவர் சொன்னவுடன் இடம் பார்க்க எழும்பினேன். ஆனால் கால் முதலில் போனது, ஒரு சொல் கேட்க, பரமேஸ் அக்காவின் வேலிப் படலைக்கு.